காட்டுக்குள் அறுபது பேர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மனிதனுக்கு விலை ஆளுக்கு ஒரு டீ, ஒரு பன். பேரம் படியாமல் முறுக்கிக்கொண்டு நின்றவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாழைப்பழம். அந்த விலைக்குத்தான் கயிற்றுக்கடைக்காரர் ஒரு வாரமாகக் கடைத்தெருவில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். கயிறும் தார்ப்பாயும் விற்கிற மனிதர். வேண்டாம் என்று தாண்டிப் போகிறவன் தலையில் நூறு கெஜம் நைலான் கயிற்றைக் கட்டி அனுப்புகிற நாக்கு. அந்த நாக்கே இந்தச் சரக்கை விற்க முடியாமல் வறண்டு போயிற்று.

"காட்டுக்குள்ள போயி நான் என்னய்யா பண்ணப்போறேன்?" என்றார் சலூன்காரர், ஒரு கன்னத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரை மறந்துவிட்டு.

"ஒண்ணும் பண்ண வேணாம். ஒரு மேப் குடுப்போம். அதுல பத்து இடத்துல வட்டம் போட்டிருக்கும். வட்டத்துக்கு ஒரு கொடி. கொடிகிட்ட போயி கார்டுல ஒரு ஓட்டை போட்டுட்டு அடுத்த கொடிக்குப் போகணும். அவ்வளவுதான்."

"வழி யாரு காட்டுவா?"

"யாரும் காட்ட மாட்டாங்க. அதுதான் விளையாட்டே."

"வழி தெரியாம அலையறதுக்கு நான் எதுக்குய்யா காட்டுக்கு வரணும்? கல்யாணம் ஆனதுலேர்ந்து வீட்டுக்குள்ளயே அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

சோப்புக் கன்னம் சிரித்தது. கயிற்றுக்கடைக்காரரும் சிரித்தார். வியாபாரி சிரித்தே ஆகவேண்டும். "ஞாயிறு ஒம்போது மணி. பன் சூடா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு ஏறினார்.

அவருக்கு இந்த ஓட்டத்தின் மேல் தனியாகக் காதல் ஒன்றும் கிடையாது. வீட்டிலிருந்து கடைக்கு நடப்பதையே தியாகமாக நினைக்கிற தொப்பை. எல்லாம் மச்சானுக்காக. மனைவியின் தம்பி, காது கேளாதவன். முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. கடையில் தார்ப்பாய்களுக்கு வளையம் அடிப்பதும், அறுந்த வடத்தைப் பிரித்து முறுக்கி ஒட்டுத் தெரியாமல் இணைப்பதும் அவன் வேலை. கடைத்தெருவில் அவனிடம் பேசுகிறவர்கள் எல்லாம் ஏதோ சுவரிடம் பேசுவதுபோலக் கத்துவார்கள். அவன் பொறுமையாகச் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் இந்த மலைக்காட்டில் ஒரு ஓட்டம் வைத்தார்கள். கொடி கட்டக் கயிறு வாங்க வந்தவர்கள் விளையாட்டாக அவனையும் அழைத்துப் போனார்கள். காட்டுக்குள் எல்லாரும் வாய் மூடித்தான் ஓடுகிறார்கள். கேட்க ஒன்றும் இல்லை. மேட்டுக்கு ஒரு கோடு, ஓடைக்கு ஒரு கோடு, பாறைக்கு ஒரு புள்ளி; சொல்லவேண்டியதை எல்லாம் காகிதம் சொல்லிவிடுகிறது. அன்றைக்கு அவன் மூன்றாவதாக வந்தான். வீட்டுக்கு வந்து அக்காவிடம் இரண்டு உள்ளங்கைகளையும் புத்தகம்போல விரித்துக் காட்டினான். மேப் என்று அர்த்தம். பிறகு நெஞ்சில் ஒரு தட்டு. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள்.

"என்னங்க, அவனுக்கு இது வேணும்" என்றாள் அன்று ராத்திரிச் சாப்பாட்டில். அந்த வீட்டில் அதற்கு மேல் உத்தரவு தேவையில்லை. அப்படித்தான் கிளப் பிறந்தது.

பிறந்த பிள்ளையை வளர்த்தது கூட்டமைப்பு. சுற்றுப்பட்டு ஊர்களின் சின்னச் சின்னக் கிளப்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத் தாங்குகிற ஏற்பாடு அது. ஓர் ஊரின் கொடிகள் அடுத்த ஊருக்குப் போகும்; அந்த ஊரின் பயிற்சியாளர் இந்த ஊருக்கு வருவார்; மேப்பை ஒருவர் வரைவார், ஒருவர் அச்சடிப்பார், வனத்துறை அனுமதியை ஒருவர் வாங்கித் தருவார். கடைத்தெருவில் எடைக்கல்லைக் கைமாற்றிக்கொள்வதுபோல என்று கயிற்றுக்கடைக்காரர் சொல்வார். ஆனால் கைமாற்றுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்றாம் வருஷம் ஓர் ஓட்டத்துக்காவது அறுபது பேர் வரவேண்டும். வந்தால் இன்னும் இரண்டு வருஷம் ஆதரவு. வராவிட்டால் கொடி, மேப், அனுமதி எல்லாம் ஆள் சேருகிற வேறு ஊருக்கு. அதைப் பார்த்து எழுதத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டமைப்பிலிருந்து ஒரு பார்வையாளரம்மா வந்தார்.

காலையில் ஒரு வில்லங்கம். ஒரு லாரிக்காரர் மதியத்துக்குள் ஆறு தார்ப்பாய் வேண்டும் என்று நின்றார். வளையம் அடிக்க மச்சானை விட்டால் ஆளில்லை. கயிற்றுக்கடைக்காரர் கடையைக் காட்டினார், ஆறு விரல் காட்டினார், சூரியன் உச்சிக்கு வருவதைக் காட்டினார். மச்சான் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். இவர் தலையாட்டி மறுத்தார். அடுத்த மாதம் என்று சைகை செய்தார். மச்சான் சுத்தியலை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கோபம் வந்தால் முதுகு; அதற்குச் சைகை வேண்டியதில்லை.

"அவனுக்காக நடத்துற ஓட்டத்துக்கு அவனையே கூட்டிட்டுப் போகலையா?" என்றாள் மனைவி.

"அடுத்த ஓட்டம்னு ஒண்ணு இருக்கணும்னா இன்னிக்கு நான் ஆள் கணக்கைப் பாக்கணும். லாரிக்காரன விட்டா கடையும் போகும். நீ சாப்பாட்டை ரெண்டு மணிக்கு மேல மலைக்கு எடுத்துட்டு வா, போதும்."

காட்டு வாசலில் தகரக்கொட்டகை. அங்கேதான் ஆரம்பம். கயிற்றுக்கடைக்காரரின் கொழுந்தியா, மனைவிக்கு நேர் இளையவள், டியூஷன் எடுக்கிறவள், அங்கே உட்கார்ந்திருந்தாள். ஓடப்போகிறவரின் கார்டில் அடித்துண்டைக் கிழித்து, குறுக்கே கட்டிய கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுவாள். கார்டோடு ஆள் காட்டுக்குள் போவார். துண்டு வெளியே தொங்கும். சரிவுக்குக் கீழே வண்டிகள் நிற்கிற இடத்தில் முடிவு. பாதியில் கால் வலித்து விட்டுவிட்டாலும் அங்கே வந்து கார்டைக் கொடுத்தே ஆகவேண்டும். கார்டு வந்தால் துண்டைக் கழற்றுவார்கள். பயிற்சியாளர் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார்: "கயிறு காலின்னா காடு காலி."

பதிவு முடிகிற நேரத்தில் கயிற்றுக்கடைக்காரர் எண்ணிப் பார்த்தார். நாற்பத்து நான்கு. அதிலும் பாதிக்கு மேல் பக்கத்து ஊர்க் கிளப்காரர்கள், தோள் கொடுக்க வந்தவர்கள். கடைத்தெருவிலிருந்து வந்தது ஐந்தே பேர். சலூன்காரர் வரவில்லை. பழம் வாங்கிக்கொண்டவர்கள்கூட வரவில்லை.

"என்ன மாமா, மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள் கொழுந்தியா.

"பதினாறு குறையுது."

"இருக்கறத எழுதுவோம்."

"எழுதினா மூட்டை கட்டிருவாங்கம்மா. உன் தம்பிக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்காது." அவர் குரலைத் தாழ்த்தினார். "வர்றேன்னு வாக்குக் குடுத்தவங்கதானே? பேரை மட்டும் எழுதுறேன். துண்டை மாட்டிரு. சாயங்காலம் நானே கழட்டிடறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

சலூன்காரர், பாத்திரக்கடைக்காரர், வட்டிக்கடைக்காரர், இரண்டு ஆட்டோக்காரர்கள் என்று எழுதிக்கொண்டே போனார். பதினைந்தோடு கை நின்றது. பதினாறாவதாக மச்சான் பெயரை எழுதினார். அது பொய்யாகவே படவில்லை அவருக்கு. இருந்திருக்கவேண்டியவன்தானே.

பார்வையாளரம்மா சற்று நேரத்தில் கொட்டகைக்கு வந்து கயிற்றைப் பார்த்தார். அறுபது துண்டுகள் காற்றில் படபடத்தன. "அடேயப்பா" என்றார். கயிற்றுக்கடைக்காரர் அடக்கமாகக் கும்பிட்டார். பிறகு அந்தம்மாவை டீ குடிக்கக் கீழே அழைத்துக்கொண்டு போனார்.

ஆரம்பத்தை மூடிவிட்டுக் கொழுந்தியா கயிற்றோடு கீழே வந்தபோது அவள் முகம் சரியில்லை. "மாமா, புள்ளைக்குக் காய்ச்சல் ஏறுதாம், போன் வந்துச்சு. நான் கிளம்பறேன்." கயிற்றை அவர் தோளில் மாலைபோலப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை உதைத்தாள்.

அதற்குப் பின்னால்தான் மூடுபனி இறங்கியது. மேலே உச்சிப் பாறை முதலில் காணாமல் போயிற்று. பிறகு மரங்கள் வரிசை வரிசையாக. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைக் கடைத்தெருவில் நிறையப் பார்த்தவர் அவர். காட்டில் யாரோ பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். வாசலில் நின்று மூன்று பேர் விடாமல் விசில் அடித்தார்கள். விசில் கேட்டால் எந்தக் கொடியாக இருந்தாலும் விட்டுவிட்டுத் திரும்பவேண்டும், அது சட்டம். இரண்டும் மூன்றுமாகத் திரும்பி வந்தார்கள், முட்டியில் சேறும் முடியில் ஈரமுமாக. கயிற்றுக்கடைக்காரர் ஒவ்வொரு துண்டாகக் கழற்றினார். நாற்பத்து நான்காவது ஆள், ஒரு கல்லூரிப் பெண், நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் மீதிப் பதினாறையும் உருவிப் பைக்குள் போட்டார்.

வனக்காவலர்கள் ஜீப்பில் வந்தார்கள். பனியைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே வந்தவர்கள். நான்கு பேர், பெரிய விளக்குகள்.

"உள்ள யாராவது?" என்றார் தலைமைக் காவலர்.

கயிற்றுக்கடைக்காரர் வெறுங்கயிற்றைத் தூக்கிக் காட்டினார். "கயிறு காலி, சார்."

"அறுபது பேர் போயி அறுபது பேரும் வந்துட்டாங்க. இவ்வளவு பனியில. நல்ல ஒழுங்கு" என்றார் பார்வையாளரம்மா. பேனா மூடியைத் திறந்து எதையோ எழுதினார். எழுதிய வேகத்தைப் பார்த்தாலே நல்ல வார்த்தைகள் என்று தெரிந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கயிற்றுக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பால்வண்டி சரிந்து கிடக்கிறது என்று செய்தி வர, காவலர்கள் ஜீப்பைத் திருப்பினார்கள். அதன் பின்விளக்குகள் பனியில் இரண்டு புண்கள்போலத் தெரிந்து மறைந்தன.

மூன்று மணிக்கு மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் சாப்பாட்டுக் கூடை.

"எங்க அவன்? ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடச் சொல்லுங்க."

"எவன்?"

"என் தம்பி. கடை பூட்டியிருந்துச்சு. லாரிக்காரர் டீக்கடையில உக்காந்திருந்தாரு. பதினொரு மணிக்கெல்லாம் வேலையை முடிச்சுக் குடுத்துட்டுப் பறந்துட்டான்னாரு. இங்கதானே வந்திருப்பான்?"

"இங்க வரலையே."

"விளையாடாதீங்க. ஓடற ஷூவைக் காலையிலயே பையில வச்சு எடுத்துட்டுப் போனான், உங்களுக்குத் தெரியாம."

அவர் கொழுந்தியாவுக்குப் போன் போட்டார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"தம்பியா? கடைசியா வந்தானே மாமா. மூடப்போற நேரத்துல, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு. மேப்பக் குடுத்து அனுப்பிட்டேன். ஏன்?"

"துண்டு கிழிச்சு மாட்டினியா?"

"அதான் அவன் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு தொங்குச்சே. பதினாறு பொய்யில ஒண்ணாவது உண்மையாச்சேன்னு சந்தோஷப்பட்டேன். உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன், அதுக்குள்ள காய்ச்சல்னு... மாமா? மாமா, அவன் வந்துட்டான்ல?"

கயிற்றுக்கடைக்காரர் பைக்குள் கையை விட்டார். பதினாறு துண்டுகளில் எது அவனுடையது என்று விரலுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே காகிதம்தான்.

மனைவி கூடையைக் கீழே வைத்தாள். "விசில் அடிச்சீங்களா?" என்றாள்.

"அடிச்சோம்."

"அவனுக்கு?"

பக்கத்து ஊர்க் கிளப்பிலிருந்து வந்திருந்த ஒரு தையல்காரர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், மெல்லக் கிட்டே வந்தார். "நீலச் சட்டைங்களா? ஏழாவது கொடிக்கு மேல பாத்தேன். விசில் அடிக்கறாங்க, வாய்யான்னு கத்தினேன். திரும்பிக்கூடப் பாக்கல. பெரிய ஓட்டக்காரர் போலிருக்கு, ஜெயிக்காம வரமாட்டார்னு நெனச்சுட்டுத் திரும்பிட்டேங்க." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதும்மா. யாரும் சொல்லலையே" என்றார்.

ஏழாவது கொடிக்கு அப்பால் பழைய கல்லுக்குழி இருந்தது. மேப்பில் அந்தச் செங்குத்துச் சரிவுக்கு அடையாளம் பல்வரிசைபோல ஒரு கறுப்புக் கோடு.

பார்வையாளரம்மாவிடம் அவர் சொல்லவேண்டியிருந்தது. அறுபது என்பது நாற்பத்து நான்குதான் என்று சொன்னார். எதற்காக என்றும் சொன்னார். அந்தம்மா திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் மேப்பை எடுத்துக் கல்லுக்குழி இருக்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே, "முதல்ல காவலருக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

பனியில் மலையைச் சுற்றித் திரும்ப வருவதற்கு ஜீப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இறங்கிய தலைமைக் காவலர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஒருத்தர் உள்ள இருக்கார்ங்கறீங்க. அப்ப காலின்னீங்க. இப்ப ஒண்ணுங்கறீங்க. மீதிப் பதினஞ்சு பேரும் வரவே இல்லைன்னு எனக்கு யார் சொல்றது? இவரு வந்த மாதிரி எவனாவது வந்திருந்தா?"

"இல்ல சார், அவங்க..."

"ஒவ்வொருத்தருக்கா போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் கேக்கணும்."

கயிற்றுக்கடைக்காரர் துண்டுகளை வண்டியின் பானெட்டில் பரப்பினார். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார்.

"யாரு? நானா? கடையில இருக்கேன்யா. ஞாயித்துக்கிழமைதான்யா தலைங்க வரும். பன் மீந்துபோச்சா?" இது சலூன்காரர்.

"தூங்கறாரு. எழுப்பினா கடிப்பாரு. என்ன விஷயம்?" இது பாத்திரக்கடைக்காரரின் வீட்டம்மா.

"மன்னிச்சுக்கங்கண்ணே, பழத்தை வாங்கிட்டு வராம போனது தப்புதான். அடுத்த தடவை சத்தியமா வர்றேன்." இது ஓர் ஆட்டோக்காரர்.

வட்டிக்கடைக்காரர் மட்டும் எடுக்கவில்லை. நான்கு தடவை அடித்தார்கள். காவலர் நிமிர்ந்து காட்டைப் பார்த்தார். ஐந்தாவது தடவை எடுத்து, "கடன்காரன் நம்பர்னு நெனச்சேன்யா" என்றார். பனிக்குள் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு துண்டு அந்தப் பக்கம் போயிற்று. தான் பிறந்ததிலிருந்து கடைத்தெருவில் இத்தனை பேர் உயிரோடு இருப்பதற்காக அவர் நன்றி சொன்னது கிடையாது. அதே மூச்சில், இதில் ஒருத்தனாவது உள்ளே இருந்து மச்சான் வீட்டில் இருக்கக்கூடாதா என்றும் நினைத்தார்.

கடைசித் துண்டு மச்சானுடையது. அவனுக்குப் போன் போட்டுப் பயனில்லை. எழுதித்தான் அனுப்பவேண்டும். மனைவி ஏற்கெனவே அனுப்பியிருந்தாள்: 'எங்கே இருக்கிறாய்? அங்கேயே உட்கார். நகராதே.' செய்தி போய்ச் சேரவில்லை. காட்டுக்குள் சிக்னல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டுப் பாக்கலாம்னா காது கேக்காது. விளக்கு அடிச்சா பனி அதை முழுங்குது" என்றார் காவலர். "குழி இருக்கற காடு. கண்ணு தெரியாம என் ஆளுங்களை அனுப்ப முடியாது."

தையல்காரரும் இன்னும் பத்துப் பேரும் முன்னால் வந்தார்கள். "நாங்க போறோம் சார். வரிசையா கை கோத்துட்டுப் போறோம். எங்களுக்கு மேப் தெரியும்."

"போயி? உங்களையும் நான் எண்ணவா?"

கயிற்றுக்கடைக்காரர் தன் கடை வேனைத் திறந்தார். கொடி கட்டக் கொண்டுவந்த கயிறுகள், தார்ப்பாய்க் கயிறுகள், இழுவை வடம் ஒன்று. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார். "கயிறு கட்டிக்கிட்டுப் போலாம் சார். கயிறு என்கிட்ட இருக்கு."

காவலர் அதற்கு ஒத்துக்கொண்டார். முடிச்சுப் போட ஆரம்பித்தபோதுதான் கயிற்றுக்கடைக்காரருக்கு உறைத்தது: இத்தனை வருஷத்தில் தன் கடையில் ஒரு கயிற்றைக்கூட அவர் இணைத்ததில்லை. விற்பவர் அவர், இணைப்பவன் வேறு. அவர் போட்ட முடிச்சுகளைக் காவலர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்; இரண்டு அவிழ்ந்து வந்தன. காவலரே திருப்பிப் போட்டார். கொட்டகைத் தூணில் ஒரு நுனியைக் கட்டி, மறு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு, விளக்கோடு இரண்டு காவலர்கள் உள்ளே போனார்கள். பின்னாலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கடைக்காரர். வேண்டாம் என்றால் கேட்கிற முகமாக அவர் முகம் இல்லை.

உள்ளே எல்லா மரமும் ஒரே மரம். நடந்தார்கள், ஈரச் சருகில் வழுக்கினார்கள், விளக்கைச் சுழற்றினார்கள். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை அவர்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது. இரண்டாவது கொடியைத் தொட்டார்கள். மூன்றாவதைத் தேடுகையில் கயிறு இடுப்பில் வெட்டி இழுத்தது. தீர்ந்துவிட்டது.

"இன்னும் கயிறு?" என்றார் முன்னால் இருந்தவர்.

"கடையில இருக்கு. கிடங்கு நிறைய இருக்கு."

"எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"பூட்டியிருக்கு. சாவி மச்சான்கிட்ட."

அந்த இடத்தில் நின்று கயிற்றுக்கடைக்காரர் கத்தினார். கேட்காது என்று தெரியும். தெரிந்தும் அடிவயிற்றிலிருந்து கத்தினார். "மச்சான்! உக்காருடா! அங்கேயே உக்காரு!" கடைத்தெருவில் அவனைப் பார்த்துக் கத்துகிறவர்களைத் திட்டியவர் அவர். காவலர்கள் அவர் நிறுத்துகிறவரை காத்திருந்தார்கள். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வெளியே அழைத்து வந்தார்கள்.

வாசலில் இருட்டத் தொடங்கியிருந்தது. தையல்காரர் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவரும் போகவில்லை. யாரோ கூடையைத் திறந்து வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவிழ்த்துவிட்ட கயிற்று நுனி இன்னும் அவள் கையில் இருந்தது. கயிற்றுக்கடைக்காரர் அவளருகே போனார். அவள் விலகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

தலைமைக் காவலர் வயர்லெஸ்ஸை வாயருகே வைத்துக்கொண்டார். "மேல சொல்லணும். காலையில பனி விலகினா ஆள் அனுப்புவாங்க. கணக்கைச் சரியா சொல்லுங்க. இந்தத் தடவை சரியா."

கயிற்றுக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். வாழ்நாளெல்லாம் கணக்குச் சொன்ன குரல், எங்கோ ஆழத்திலிருந்து ஏறி வந்தது.

"எழுதினது அறுபதுங்க."

"ம்."

"வராதவங்க பதினஞ்சு."

"ம்."

"உள்ள போனது நாப்பத்தஞ்சு. வெளிய வந்தது நாப்பத்து நாலு."

"பாக்கி?"

காவலர் பொத்தானில் விரலை வைத்தபடியே காத்திருந்தார், வயர்லெஸ் இரைந்துகொண்டிருந்தது. தூணருகிலிருந்து மனைவிதான் சொன்னாள்.

"ஒண்ணு."